குரூப் போட்டோவில் ஒரு ஓவர்கோட்

வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும் மைதானத்தில் பத்தாம் வகுப்பின் குரூப் போட்டோவுக்குப் பெஞ்சுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பொங்கலோடு பள்ளியை விட்டு மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போன சுபலட்சுமி, இன்று ஹால் டிக்கெட் வாங்க வந்தவள், பச்சைச் சுடிதாரில் கொடிக்கம்பத்தருகே ஒதுங்கி நிற்கிறாள். "நீயும் வாடி" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள் முனீஸ்வரி. "யூனிபார்ம் இல்லடி." வகுப்பிலேயே நெட்டையான முனீஸ்வரி சுடிதாருக்கு மேல் போட்டிருந்த தன் யூனிபார்ம் ஓவர்கோட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, எல்லோருக்கும் பின்னால் போய் நிற்கிறாள். "எனக்கு மொகம் மட்டுந்தான தெரியும்!" போட்டோக்காரர் அசையாமல் நிற்கச் சொல்கிறார், ஒரு வேப்பம்பூ சுபலட்சுமியின் தலையில் விழுந்து அப்படியே இருக்கிறது. படம் எடுத்ததும் அவள் தொளதொளத்த கோட்டின் பொத்தான் ஒன்றைக் கழற்றுகிறாள். "இப்ப யாரு கேட்டா? திங்கக்கிழம பரீட்சைக்குப் போட்டுட்டு வந்து குடு" என்கிறாள் முனீஸ்வரி. சுபலட்சுமி கழற்றிய பொத்தானைத் திரும்பப் போடுகிறாள்.