ஸ்டூல் மேல் கிண்ணம்

கைவிடப்பட்ட லாப்ரடார் நாய்களை மீட்டுத் தத்துக் கொடுக்கும் குழுக்காரி, நர்ஸின் வீட்டை அலசிக்கொண்டே கேள்விகளை அடுக்கினாள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து வந்திருந்த நர்ஸ், சுவரில் சாய்ந்தபடி பதில் சொன்னாள்.

“ஏழு வயசு நாய்ம்மா. எல்லாரும் குட்டிதான் கேக்கறாங்க. உனக்கெதுக்கு இந்தக் கிழம்?”

“குட்டி வளக்கத் தெம்பில்லக்கா.”

“நேர்ல வந்துகூடப் பாக்கலியே?”

“லீவு கிடைக்கலக்கா.”

“வீட்டு ஓனர் சம்மதம் எழுதிக் குடுத்துட்டார். சரி. எங்க சட்டம் தெரியும்ல? கைவிட்ட குடும்பத்துக்கு மட்டும் திருப்பித் தர மாட்டோம். கால்ல விழுந்தாலும் கிடையாது.”

“தெரியும்க்கா.”

தத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த குழுக்காரியின் பார்வை சமையலறை மூலையில் நின்றது.

“தண்ணிக் கிண்ணம் ஏன் ஸ்டூல் மேல இருக்கு?”

“கீழ வச்சா குனிய மாட்டான்க்கா, கழுத்து வலி” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அத நான் இன்னும் சொல்லவே இல்லையே?”

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இனிப் பொய் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

“நான் வளத்தவன்க்கா. நான் டியூட்டிக்குப் போனப்ப, ‘தண்டச்சோறு’ன்னு இவன எங்கண்ணன் உங்ககிட்ட தள்ளிட்டு வந்துட்டான். நேர்ல வந்திருந்தா இவனே வாலாட்டிக்கிட்டு ஓடி வந்து என்னைக் காட்டிக் குடுத்திருப்பான்.”

“அண்ணன் இங்க வருவானா?”

“அவன் இருக்கற வீடு வேணாம்னுதானே இந்த வீட்டையே எடுத்தேன்.”

குழுக்காரி கையெழுத்துப் போட்டாள்.

“அப்ப இது வேற குடும்பம். வண்டியில இருக்கான், நீயே போய்க் கூட்டிட்டு வா. எனக்கு முட்டி வலி.”