அப்பாவோட கைராசி

"அவ தெருமுனை தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டா. ஏங்க, நிஜமாவே கழட்டப் போறீங்களா?"

அப்பா சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டாரு. மகளோட லேப்டாப்பை மேஜை மேல குப்புறப் போட்டாரு. பக்கத்துலயே தன்னோட லேப்டாப்பைத் திறந்து ஒரு வீடியோவை ஓட விட்டாரு. லேப்டாப்புல ஒயர்லெஸ் கார்டைக் கழட்டுறது எப்படின்னு, ஏதோ சமையல் குறிப்பு சொல்ற மாதிரி ஒருத்தரு சாவகாசமா பேசிட்டிருந்தாரு.

போன பரீட்சையில மகளுக்கு ரெண்டு பேப்பர் போச்சு. இந்தத் தடவையும் போனா ஒரு வருஷம் வீண். அதனால போனைப் பிடுங்கி பீரோவுல பூட்டியாச்சு. மிச்சம் இருந்தது லேப்டாப்தான்.

"சாயங்காலமானா தோழி வீட்டுக்கு ஊர் சுத்தக் கிளம்பிடறா. வந்ததும் படிக்கிறேன்னு கதவைச் சாத்திக்கிறா. பகல்லயும் உள்ளேருந்து சிரிப்புச் சத்தம் வருது. எந்தப் பாடத்துல ஜோக்கு வருது, நீயே சொல்லு."

"நீங்க பக்கத்து ரூம்ல மேனேஜர்கிட்ட 'ஆமாங்க சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்'னு குழையுறது சுவர் தாண்டிக் கேக்குதாம். அதுக்குத்தான் சிரிக்கிறாளாம்."

அப்பா அதைக் காதுல போட்டுக்கல. "சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு இருந்துச்சே?"

அம்மா தையல் மெஷின் டப்பாவுல கையை விட்டு, தேடாமலே எடுத்து நீட்டினாங்க.

"வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டாப் போதாதா?"

"மாத்தினா எனக்கே மறந்துடும்."

"லேப்டாப்புலயே அணைச்சு வைக்கலாமே?"

"நான் அரை நாள் தேடி அணைப்பேன். அவ கண்ணை மூடிட்டுப் போட்டுருவா. வேரோட பிடுங்கணும்."

"அவதான் 'நெட்டே வரலப்பா'ன்னு சொல்லிட்டே இருக்காளே."

"அதான் எனக்குக் கடுப்பே. ரெண்டு லேப்டாப்பும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஜோடியா எடுத்தா குறைச்சுத் தரேன்னு கடைக்காரன் சொன்னான்னு ஒரே நாள்ல வாங்கினது. என்னுதுல ஜம்முனு வருது, அவளுதுல மட்டும் வராதா? எனக்கே காதுல பூ சுத்துறா."

"உங்களுதும் நடுவுல படுத்துச்சே."

"படுத்துச்சு. யாரு எழுப்பினா?"

இந்தக் கதையைச் சொல்ல அப்பாவுக்கு அலுப்பே வராது. கொஞ்ச நாள் முன்னாடி அவரு லேப்டாப்புல நெட் சுத்தமா செத்துப் போச்சு. உள்ள இருக்கிற ஒயர்லெஸ் கார்டு போச்சு, புதுசு வர நாளாகும்னு கடைக்காரரு கையை விரிச்சுட்டாரு. மேனேஜரோ, காலையில ஆன்லைன் மீட்டிங்குக்கு வரலைன்னா இனிமே வரவே வேணாம்னுட்டாரு. தூங்கப் போற முன்னாடி அப்பா வந்த கோவத்துல லேப்டாப் முதுகுல ஓங்கி நாலு தட்டு தட்டினாரு. காலையில திறந்தா நெட் பறக்குது.

வர இருந்த புதுக் கார்டையும் வேணாம்னுட்டாரு. அன்னையில இருந்து மிக்ஸியோ, ஃபேனோ, பக்கத்து வீட்டு டிவியோ, எது படுத்தாலும் கையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு.

"நம்ம கைராசி அப்படி."

அம்மா டார்ச் அடிச்சாங்க.

ஸ்க்ரூவெல்லாம் வந்துடுச்சு. ரப்பர் கால் அடியில ஒளிஞ்சிருந்ததும் வந்துடுச்சு. வீடியோக்காரரு சொன்னபடியே பழைய பிளாஸ்டிக் அட்டையை இடுக்குல விட்டு நெம்பினாரு.

டக்.

"உடைச்சுட்டீங்களா?"

"கழட்டினேன்."

"உடைஞ்ச மாதிரிதான் கேட்டுச்சு."

"நீ டார்ச்சை நேரா பிடி."

வீடியோக்காரரு தொடர்ந்தாரு. "தபால்தலை சைஸ்ல ஒரு சின்ன கார்டு தெரியும். கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணுன்னு ரெண்டு ஒயர் அதுல மாட்டியிருக்கும்."

அப்பா குனிஞ்சாரு. கறுப்பு ஒயர் இருந்துச்சு. வெள்ளை ஒயரும் இருந்துச்சு. ரெண்டு நுனியையும் யாரோ அக்கறையா டேப் சுத்தி ஓரமா ஒட்டி வச்சிருந்தாங்க. கார்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் பல்லு விழுந்த வாய் மாதிரி காலியா இளிச்சுது.

வீடியோவைப் பின்னாடி தள்ளி மறுபடி பார்த்தாரு. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாரு. மேஜைக்கு அடியில கூடப் பார்த்தாரு.

"காணோமே."

"என்னது?"

"கார்டு. கழட்டலாம்னு வந்தா, கழட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல." அப்பாவுக்குக் குரல் இறங்கிடுச்சு. "அப்போ புள்ள சொன்னது நிஜம்தானா? நெட்டே இல்லாமதான் இத்தனை நாளா படிச்சிட்டிருக்காளா?"

அம்மா டார்ச்சை இப்படி மாத்தி அப்படிப் பிடிச்சாங்க.

"பாவி கடைக்காரன், கார்டே இல்லாததைத் தலையில கட்டிட்டான். நான் வேற புள்ளையைப் போட்டு வறுத்தெடுத்திருக்கேன். இப்பவே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன்."

"சட்டையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி மகளை ஒரு வார்த்தை கேளுங்க. அதோ வந்துட்டா."

வாசல்ல மக நின்னா. கையில ஒரு பென் டிரைவ்.

"ஏம்பா, தோழி வீட்ல போய்ப் பாடத்தை இறக்கிட்டு வரதுக்குள்ள என் லேப்டாப்புக்கு ஆபரேஷனா?"

தான் திருட்டுத்தனமா கழட்டி மாட்டிக்கிட்டது அப்பாவுக்கு மறந்தே போச்சு.

"உன் லேப்டாப்புல ஒயர்லெஸ் கார்டையே காணோம்மா. உனக்குத் தெரியுமா? எங்க போச்சு?"

மக அம்மாவைப் பார்த்தா.

"சொல்லித் தொலை," அம்மா டார்ச்சை அணைச்சாங்க. "இல்லன்னா அடுத்து ஃபிரிட்ஜைத் தட்டுவாரு."

மக, அப்பாவோட லேப்டாப்பைக் கண்ணால காட்டினா. அதுல வீடியோக்காரரு இன்னும் பேசிட்டே இருந்தாரு.

"இந்த வீடியோவே அந்தக் கார்டுலதாம்பா ஓடுது."