சங்கு திரும்பிய பக்கம்

"வேல்சாமி எனக்குச் சங்கு ஊதப் பாக்கான், வக்கீலம்மா" என்றார் சுப்புராஜ்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் ஷெரினின் ஆபீஸ். ராஜபாளையத்தில் மூன்று தலைமுறையாக நூல் மில் நடத்தும் மனிதர், அன்று நாற்காலியில் நிலைகொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

"நெசச் சங்கா, பேச்சுக்குச் சொல்றீங்களா?"

"ரெண்டுந்தான். எங்கிட்ட ஃபிட்டரா இருந்தவன். என் காம்பவுண்டுக்கு அங்கிட்டே மில்லு கட்டுனான், என்னுதைவிடப் பெருசா. வளரட்டும்னு இருந்தேன். போன வாரம் மாடியில மில்லுச் சங்கு, அதான் சைரன், மாட்டியிருக்கான். அது வாய் நேரா என் பஞ்சு குடோனைப் பாத்து இருக்கு."

"இதுவரைக்கும் ஊதுனாரா?"

"ஊதலை. ஊதாம வச்சிருக்கானே, அதான் பயமா இருக்கு."

ஷெரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வேற என்ன பண்ணுனாரு?"

"அவன் எங்க பண்ணுனான்? நாந்தான் செவரை ரெண்டு ஆள் ஒசரத்துக்குத் தூக்கிட்டேன். நடுவுல இருந்த கதவையும் அடைச்சுப் பூசிட்டேன். ஒரு பாதுகாப்பு வேணும்ல? நீங்க அவன் மேல கோர்ட்டுல ஒரு மனு போடணும்."

போன் அடித்தது. மில் வாட்ச்மேன் சங்கிலிப்பாண்டி. போனில் அவன் குரலுக்குப் பின்னால் சங்கு அலறிக்கொண்டிருந்தது.

"மொதலாளி, வேல்சாமி ஜேசிபிய விட்டு நம்ம செவரை இடிக்காரு. என்னன்னா..."

"என்னன்னு எனக்குத் தெரியும்லே."

போனை வைத்துவிட்டு எழுந்தார். "சங்குச் சத்தம் கேட்டுச்சுல்ல? செவரு இடிச்சதையும் மனுவுல சேத்துருங்க. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

மில் இருக்கும் செட்டியார்பட்டி ரோட்டில் கார் திரும்பும்போதே புகை தெரிந்தது.

பஞ்சு குடோனின் ஒரு மூலை கருகிப் போயிருந்தது. இடிந்த சுவர் வழியாக, வேல்சாமி மில் தொட்டியிலிருந்து தண்ணீர்க் குழாய் நீண்டு கிடந்தது. இரண்டு மில்களின் ஆட்களும் நனைந்த பஞ்சுப் பொதிகளை வெளியே உருட்டிக்கொண்டிருந்தார்கள். தீ அணைந்திருந்தது.

முகமெல்லாம் கரியோடு வேல்சாமி வந்தான். "கதவு அடைச்சிருந்துச்சு மொதலாளி, வேற வழி தெரியல. செவரை நானே கட்டிக் குடுத்துருதேன்."

சுப்புராஜ் சுவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அந்த மாடியைப் பார்த்தார்.

"சங்கை ஏன்யா என் பக்கம் திருப்பி வச்ச?"

"ஒங்க சங்கு ரிப்பேராகி வருசமாச்சே மொதலாளி. பஞ்சு கெடக்க எடம். ஒரு ஆபத்துன்னா ஒங்க ஆளுகளுக்கும் கேக்கணும்ல?"