பற்றரியைக் குடித்தது யார்

சார்ஜரிலிருந்து கழற்றி மூன்று மணித்தியாலமாகியும் பற்றரி 12.6 வோல்ற்றை விட்டு இறங்கவில்லை.

துர்க்கா மீற்றரை இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். அதே 12.6.

பற்றரியில் பிழையில்லை. அப்படியென்றால் காருக்குள் ஏதோ ஒன்று பனிக்காலம் முழுக்க ஒளித்திருந்து அதைக் குடித்திருக்கிறது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் கராஜில் காருக்குப் போர்த்தியிருந்த துணியை இழுத்தாள். சாவியைத் திருப்பினால் கார் ஒரு முனகல்கூட முனகவில்லை. பக்கத்து வீட்டு அன்புராசா அண்ணை எட்டிப் பார்த்து, பற்றரி முடிஞ்சுது, புதுசு வாங்கு என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் தன் சார்ஜரையாவது தந்தாரே, அதற்கு நன்றி.

மாமனார் இராஜரட்ணத்தின் தீர்ப்பு வேறு. மருமகள் உள்லைற்றை எரியவிட்டுவிட்டுக் காரைப் பூட்டியிருக்கிறாள். கையோடு விட்பி நகரில் இருக்கும் தன் தங்கைக்கும் போன் எடுத்து அதைச் சொன்னார். குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

துர்க்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு வருடமாக ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் சேர்க்கிட் போர்ட்டுகளுக்கு மீற்றர் வைத்துப் பார்ப்பவள் அவள். எங்கே மின்சாரம் கசிகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளமே. அவள் லைற்றை விட்டுவிட்டுப் போனாளாம்.

இன்று இரண்டு மணிக்கு அவளுக்கு ரோட் ரெஸ்ற். முழு லைசென்ஸுக்கு இது மூன்றாவது முயற்சி. கையில் இருக்கும் லைசென்ஸின் ஐந்து வருடத் தவணை நாளையோடு முடிகிறது. இன்றும் தவறினால் எழுத்துச் சோதனையிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு தரமும் பெயிலான கதை அன்றன்றைக்கே விட்பிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பற்றரி ஏறிவிட்டது. கொழுவினால் கார் ஓடும். அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் செய்யாத பிழையைத் தலையில் சுமந்துகொண்டு பரிசோதகருக்குப் பக்கத்தில் போய் உட்கார அவளுக்கு மனமில்லை.

பற்றரியைக் காரில் வைத்து, நெகற்றிவ் வயரை மட்டும் பூட்டாமல், அந்த இடைவெளியில் மீற்றரைக் கோர்த்தாள். நிற்கிற கார் ஐம்பது மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. மீற்றர் நூற்று முப்பது காட்டியது.

பிடிபட்டாய், என்று காருக்குச் சொன்னாள்.

பொனற்றுக்கு அடியிலேயே பியூஸ் பெட்டி. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கி, மீற்றரைப் பார்த்து, திரும்பச் செருகினாள். ஹோர்ன் இல்லை. ரேடியோ இல்லை. உள்லைற் இல்லவே இல்லை. அந்தப் பியூஸை மட்டும் இரண்டு தரம் பிடுங்கிப் பார்த்தாள்.

பதினோராவதைப் பிடுங்கியதும் மீற்றர் இருபதுக்கு விழுந்தது.

துர்க்காவுக்கு உச்சிவரை பெருமை ஏறியது. யாரையும் கேட்கவில்லை, யார் கையையும் பார்க்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டு, இந்த மீற்றருக்கு முன்னால் நிறுத்தி, எல்லாவற்றையும் காட்ட வேண்டும். விட்பிக்கும் அவரே போன் எடுத்துத் திருத்திச் சொல்லட்டும்.

பதினோராவது பியூஸ் சிகரெட் லைற்றர் சொக்கற்றுக்கு உரியது என்று பெட்டி மூடியில் இருந்தது. அதைத் திரும்பச் செருகிவிட்டுப் போய்க் கார்க் கதவைத் திறந்தாள்.

டாஷ்போர்ட்டில் பிள்ளையாரைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாய் லைற் மாலை மின்னிக்கொண்டிருந்தது.

நவம்பரில் அவளே கழற்றி, வயரைச் சுருட்டி, டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்த மாலை. இப்போது யாரோ அதை எடுத்துச் சொக்கற்றில் இறுக்கிக் கொழுவியிருந்தார்கள். நேற்றுப் பற்றரி செத்துக் கிடந்ததால் அது எரியவுமில்லை, அவள் கவனிக்கவுமில்லை.

பிள்ளையாருக்கு அடியில் மடித்த தாள் ஒன்று.

விரித்துப் பார்த்தாள். ரோட் ரெஸ்ற் திகதி, நேரம், அவளுடைய பெயர். பெப்ரவரியில் பிரிட்ஜில் ஒட்டி வைத்துக் காணாமற்போன தாள். வீடெல்லாம் தேடி அலுத்து, பிறகு வேறொன்று அச்செடுத்திருந்தாள்.

அவள் பெயருக்கு மேல் சந்தனம். மடிப்புக்குள் திருநீறும் பூவிதழ்களும். சில இதழ்கள் தூளாகியிருந்தன, சில சருகாகியிருந்தன, ஒன்றிரண்டில் மஞ்சள் இன்னும் மாறவில்லை.

வெள்ளிக்கு வெள்ளி முதியோருக்கான வான் வண்டியில் றிச்மண்ட் ஹில் கோவிலுக்குப் போய்வருகிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான்.

துர்க்கா ஓர் இதழும் சிந்தாமல் எல்லாவற்றையும் தாளுக்குள் ஒதுக்கினாள். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்தில் வைத்து, கார்க் கதவைச் சாத்தினாள்.

வீட்டுப் பக்கக் கதவு திறந்தது. ஒரு கையில் அவளுக்குத் தேத்தண்ணி, மற்றக் கையில் போனைக் காதோடு பிடித்தபடி மாமா.

"என்னவாம் பிள்ளை, பிழை பிடிபட்டதோ?"

மீற்றர் இன்னும் நூற்று முப்பது காட்டிக்கொண்டிருந்தது. துர்க்கா நிமிர்ந்து நின்றாள். வாழ்க்கையில் ஒரு பொய்யை இத்தனை கம்பீரமாக அவள் சொன்னதில்லை.

"ஓம் மாமா. நான்தான் உள்லைற்றை விட்டிட்டன்."

இராஜரட்ணத்தின் முகம் மலர்ந்தது. போனுக்குள் அவர் விட்பிக்குச் சொன்னது முழுக் கராஜுக்கும் கேட்டது.

"நான் அப்பவே சொன்னனான். ஆனா பார், ஒருத்தற்றை உதவியுமில்லாமல் தானே கண்டுபிடிச்சிருக்கிறாள், என்ர மருமகள்."