ரெபேக்காள் ஒப்புக்கொடுத்த வலி

"இன்னிக்கு வலிய ஆயாவுக்குச் சொல்லிட்டேன் வச்சலா. உனுக்கு நாளைக்கு வெச்சிக்கலாம்."

ராயப்பன் பெண்கள் வார்டுக்குள் நுழையும்போதே மனைவியின் குரல் கேட்டது. ஜன்னலோரக் கட்டிலில் ரெபேக்காள் படுத்திருந்தாள். அவள் கால்மாட்டில், ரேஷன் கடையில் முறை வரும்போது சர்க்கரை தீர்ந்துபோனதுபோல, வச்சலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். சதுரங்கப்பட்டினத்து மீனவப் பெண். பக்கத்து வார்டில் கிடக்கும் தாய்க்குத் துணையாக வந்தவள்.

ரெபேக்காளுக்கு முதுகெலும்பில் கட்டி. சென்னையில் பெரிய டாக்டரே பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். கிறிஸ்துமஸ் வரை இருந்தால் அதிகம். அது ராயப்பனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடைசி நாட்களையாவது அவள் வலியில்லாமல் கழிக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு இப்போது வேறு ஆசை இல்லை. ஜெபம் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டான்.

ஆனால் அவள் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

சின்ன வயதில் கோயிலில் நடந்த ஞானோபதேச வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தாராம். வலி வந்தால் அழுது வீணாக்கக் கூடாது, சேசுவின் பாடுகளோடு சேர்த்து யாருக்காவது ஒப்புக்கொடுத்துவிட வேண்டும். ராயப்பனும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன்தான். பல்வலி வந்தபோது செத்த பின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கும் ஆத்துமங்களுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு, பல் டாக்டரிடமும் போய்வந்தவன். ரெபேக்காள் அப்படி இல்லை. ஆஸ்பத்திரியில் கடையே திறந்துவிட்டாள்.

முதலில் வந்தது அடுத்த கட்டில் சைனம்பு. மகள் வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அழுதாள். ரெபேக்காள் ஒருநாள் வலியை அதற்கு ஒப்புக்கொடுத்தாள். குழந்தை சுகமாகப் பிறந்தது. அவ்வளவுதான், வராந்தா வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. ஆயா ஜெகதாம்பாளுக்கு, ஆடிக்கு வந்த மாமியார் கருங்குழிக்கே திரும்பிப் போக வேண்டும். வச்சலாவுக்கு, கோபித்துக்கொண்டு தன் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும் புருஷன் மாயவன் திரும்பி வரவேண்டும். ஒரு கம்பவுண்டர் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது மட்டும், அதற்கெல்லாம் தலைவலியே அதிகம் என்று துரத்திவிட்டாள்.

எதையும் ராயப்பன் வந்த பிறகுதான் ஆரம்பிப்பாள். கல்பாக்கத்தில் கட்டிட வேலையில் சூப்பர்வைசர் அவன். வேலை முடிந்து, பஸ் பிடித்து, சிமெண்ட் தூசியோடு வந்து ஸ்டூலில் உட்காருவான். அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறாளே என்று அவனுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

இன்றும் உதடு அசைந்தது. அவனால் தாங்க முடியவில்லை.

"ஊசி போட்டுக்கோ ரெபேக்கா."

"எதுக்கு மச்சான்?" மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அவன் மச்சான்தான்.

"எதுக்கா? இந்த வார்டு மொத்தத்துக்கும் நீ ஒருத்தி துடிக்கணுமா?"

"ஆயா மாமியாரு இன்னும் அங்கயே குந்திகினு கீறாளாம். பாதியில வுட்டா அந்தப் பொம்பள இன்னா ஆவா?"

அடுத்த கட்டிலில் சைனம்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராயப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியார்களையும் புருஷன்களையும் ஊர் ஊராக அனுப்பிவைக்க ஆண்டவருக்கு இவள் வலிதான் கிடைத்ததா என்று கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது. வச்சலா மெல்ல நழுவினாள்.

ரெபேக்காள் கோபப்படவில்லை. "சும்மா கெடக்கறதத்தான் மச்சான் எடுத்துக் குடுக்கறேன். குப்பைல போறதுக்கு நாலு பேருக்கு ஆவட்டுமே" என்றாள்.

அவன் எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனான். பக்தி முற்றிப்போய் மருந்து வேண்டாம் என்கிறாள், நீங்கள் அவளைக் கேட்க வேண்டாம், நான் கையெழுத்துப் போடுகிறேன், நல்ல ஊசியாகப் போட்டுவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

டாக்டர் அவனை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, "அந்தம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார்.

கட்டி நரம்பை அழுத்திவிட்டதாம். மார்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். குண்டூசியால் குத்திப் பார்த்தபோதுகூட, எப்போது குத்தப் போகிறீர்கள் என்று கேட்டாளாம். இனிமேல் அவளுக்கு வலி என்பதே கிடையாது, எதற்கு ஊசி என்றார் டாக்டர்.

ராயப்பன் திரும்பி வந்தான். நடையில் கோபமா நிம்மதியா என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலை போட்டு மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பெண்போலச் சிரித்தாள்.

"டாக்டரு போட்டுக் குடுத்துட்டாரா?"

"இத்தினி நாளா வலியே இல்லாம எல்லாரையும் ஏமாத்திகினு இருந்தியா?"

"ஆண்டவர் பேரச் சொல்லி ஏமாத்துவாங்களா மச்சான்? வலி இருந்திச்சே."

"யாருக்கு?"

அவள் அவன் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"தெனம் இந்த ஸ்டூல்ல குந்திகினு நீ பட்டியே, அதத்தான் உன்னக் கேக்காம எடுத்துக் குடுத்தேன். நான் பூட்டா இன்னும் நெறைய வரும் மச்சான், வீணாக்காம நீயே குடு."