அருகில் இருந்தவர்

ஜெசிந்தாவின் உடம்பு தன்னையே பகையாளியாக நினைத்துத் தாக்கியதில், இதயத்துக்குள் ரத்தம் கட்டிகட்டியாக உறைந்தது. நெஞ்சுக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். கட்டி வரும்போதெல்லாம் அருகில் இருந்தவரின் பெயரை அது ஃபோனில் காட்டும்.

"மனசு கலங்கினாலும் கட்டி வரும்மா. யாரால வருதுன்னு இது காட்டிக்குடுத்துரும்" என்றார் டாக்டர்.

மூன்று தடவை கட்டி வந்தது. மூன்று தடவையும் ஒரே பெயர்: தங்கை ரோஸ்லின்.

அதன்பிறகு அவள் கொண்டுவந்த கஞ்சியை ஜெசிந்தா முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள். அவள் எடுத்துத் தந்த மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா இந்த வீட்டை மூத்தவள் பேருக்கு எழுதிவைத்ததில் இவளுக்கு வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும்? ஒருநாள் கதவைத் திறக்காமலே, "இனிமே இங்க வராதடி" என்றாள்.

"யக்கா, மூச்சு வாங்குதுன்னு நீ கூப்பிட்டதாலதானே மூணு தடவையும் ஓடிவந்தேன்?"

நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் ஜெசிந்தா.

நான்காவது கட்டி, தெருவே கோயில் பூசைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தவளின் கண்ணெதிரே ஃபோன் ஒளிர்ந்தது.

'அருகில் இருந்தவர்: யாருமில்லை.'