கழுத்தறுத்த ஸ்வெட்டர்

வாத்தியார் இடது கையைத் தூக்கியதுதான் தாமதம், கார் சட்டென்று இடது பக்கச் சந்துக்குள் புகுந்து, ஒரு குப்பைத் தொட்டியின் முன்னால் உறுமி நின்றது.

“நேராத்தானே போகச் சொன்னேன்?” என்றார் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்.

“நீங்கதான சார் இந்தப் பக்கம் கை காட்டினீங்க,” என்றார், ஓட்டிப் பழக வந்த பேங்க் அம்மாள். ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை.

“கை காட்டலம்மா. கழுத்தைச் சொறிஞ்சேன்.”

எல்லாம் அவர் போட்டிருந்த ஸ்வெட்டர் செய்த வேலை. அவர் மனைவி லினன் நூலில் தன் கையாலேயே பின்னியது. போட்டுக்கொண்டால் வாசல் மிதியடியைச் சுற்றிக்கொண்ட மாதிரி இருக்கும். கை வேறு விரல் நுனிவரை தொங்கியது. கியர் போடுவதற்குள் இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும்.

“கை கொஞ்சம் நீளமோ?” என்று முதல் நாளே மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தார்.

“கம்பளி மாதிரி லினன் இழுத்துப் பிடிக்காதுங்க. அப்படித்தான் தொங்கும். பேசாம போடுங்க,” என்றாள் மனைவி.

அதற்கு மேல் என்ன பேசுவது? அந்த விறைத்த நூலோடு மல்லுக்கட்டி அவள் விரலெல்லாம் காய்த்துப் போயிருந்தது. முன்பொரு முறை அவள் பின்னிய மஃப்ளரைப் ‘பரவாயில்லை’ என்று சொல்லப்போய், ஒரு வாரம் அவருக்கு வீட்டில் பேச்சுத் துணை ரேடியோதான்.

ஆகவே வாத்தியார் வாயைத் திறக்காமல் சதியில் இறங்கினார். அவருடைய பழைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று தவறிப்போய்ச் சுடுதண்ணீரில் விழுந்து, பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதையே இதற்கும் செய்தால் தீர்ந்தது கதை. மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டு, சூட்டைக் கடைசிவரை திருகிவிட்டார்.

மூடியைத் திறந்தால், போட்டது போட்டபடி இருந்தது.

“அட, நீங்களே துவைச்சுட்டீங்களா?” திரும்பி வந்த மனைவி அதைக் கட்டில்மேல் துண்டை விரித்துப் பரப்பிப் போட்டாள். “கொடியில மட்டும் தொங்கவிடாதீங்க, இன்னும் நீண்டுடும்.” அவளுக்குக் கோபம் வராததுதான் வாத்தியாருக்குக் கோபமாக வந்தது.

அடுத்த வாரமும் வெந்நீரில் போட்டார். அதற்கடுத்த வாரம் இரண்டு ஜீன்ஸைக் கூடப் போட்டு, உலர்த்துகிற பட்டனையும் சேர்த்து அமுக்கினார். ஊஹூம். லினன் எதற்கும் மசியவில்லை.

நடுவில் ஒருநாள் மனைவியின் பெரிய அண்ணன் போன் செய்தார். எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம்.

“என்ன மாப்பிள்ளை, ஸ்வெட்டர் இன்னும் குத்துதா?”

“இப்ப பரவாயில்ல மச்சான்.”

“விடாதீங்க மாப்பிள்ளை, தினமும் போடுங்க.”

நம் கழுத்தைப் பற்றி விசாரிக்க உலகத்தில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று வாத்தியார் உருகிப்போனார். போனை வைத்த பிறகுதான் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும், சொன்னது நிஜம். அவ்வளவாகக் குத்தவில்லை.

அப்புறம் துவைக்கத் துவைக்க அது மெத்தென்று ஆகிக்கொண்டே வந்தது. வெயிலில் குளுமையாக இருந்தது, வியர்வையில் ஒட்டவில்லை. ஒழித்துக்கட்டப் பார்த்த மனிதர் இப்போது அதைக் கழற்ற மனமில்லாமல், அதோடேயே சோபாவில் தூங்கினார். பேங்க் அம்மாளும் சந்து பொந்துக்குள் நுழையாமல் நேராக ஓட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் வாத்தியார் ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார். இத்தனை நாள் மனைவியை மனசுக்குள் திட்டிய பாவத்துக்கு, இன்று வாய்விட்டுப் பாராட்டிவிட வேண்டும். அவள் அன்று துவைத்து உலர்த்திய அந்த ஸ்வெட்டரைத்தான் மடியில் வைத்து அழகாக மடித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரு. நீ பின்னினதுலயே இதுதான் உசத்தி. எனக்கு இது ஒண்ணு போதும்.”

அவள் கண் விரிந்தது. “நிஜமாவா சொல்றீங்க? கொஞ்சம்கூடக் குத்தலையா?”

“சத்தியமா. பஞ்சு மாதிரி இருக்கு.”

“அப்பாடா.” அவள் அதை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். அலமாரியைத் திறந்து, நிற்க வைத்தால் தானாக நிற்கும்போல விறைப்பாக இருந்த புது லினன் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“அது பெரியண்ணனோடது. இனிமே சின்னண்ணனோடதைப் போட்டுக்குங்க.”